பார்க்கிறேன் ஐயா

"கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்குங்களேன் ஐயா" என்று சொன்னேன். மறுமுனையில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரிம்மா. உங்களுக்கு எது வசதியோ அப்படியே பண்ணுங்க" என்றார். மொத்தம் 11 நிமிடப் பேச்சு. 3 வருடம் ஆகப்போகிறது. பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போதும் அது திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு தடவையும் நான் வேறு ஏதோ ஒன்றைச் சொல்லிப் பார்க்கிறேன்.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவரிடம் போய் ஓய்வெடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன் என்பதே போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பழைய புத்தகங்களை மின்னூலாக்கும் எங்கள் குழுவில் அவர் அளவுக்கு மெய்ப்புப் பார்த்தவர் எவரும் இல்லை. ஒரு பைசா வாங்கியதில்லை. நான் வாங்கினேன். ஊர் ஊராக உட்கார்ந்து இரவில் கண் விழித்து வேலை செய்த அத்தனை பேருக்கு நடுவில் மாதச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நான்தான். ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். சம்பளம் வாங்குகிறவள், வாங்காதவரைப் பார்த்து 'தள்ளி இருங்கள்' என்று சொன்னாள். வேறு எந்த வார்த்தையைப் போட்டுச் சொன்னாலும் நடந்தது அதுதான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி ஒரே நாளில் 40 பக்கம் முடித்திருந்தாள். எங்கள் வேலை தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணிக்கையே போதும், வயிற்றைக் கலக்கிவிடும். ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்துணரி என்ற மென்பொருள் வாசித்துக் கொடுக்கும். அதை மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். காலும் (ா) ரகரமும் (ர) அச்சில் ஒன்றுபோலவே நிற்கும். மரம் 'மாம்' ஆகிவிடும், காலம் 'கரலம்' ஆகிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் யானைத் துதிக்கை மாதிரி வளைந்து வரும் பழைய லை, னை, ணை எல்லாம் இருக்கும். எழுத்துணரி அங்கெல்லாம் தடுமாறும். 'கரலம்' என்றால் கண்ணில் படும். 'கொடு' என்பது 'கோடு' என்று மாறியிருந்தால் இரண்டுமே தமிழ்ச் சொல், அர்த்தம் புரிந்து படிக்கிறவர்தான் பிடிக்க முடியும். நிதானமாகப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 15 நிமிடம் ஆகும்.

ஐயா அவளுடைய பக்கங்களைத் திறந்து பார்த்துவிட்டுப் பொதுக் குழுவில் எழுதினார்: "இந்தப் பெண் 40 பக்கம் பார்த்திருக்கிறாள். பார்த்தாளே தவிர படிக்கவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் பக்கத்தைத் தொட்டால் நல்லது."

அந்தப் பெண் பதில் எழுதவில்லை. வேறு நாலைந்து பேர் எழுதினார்கள். இரண்டு கட்சியாகிவிட்டது. நான் நிறுவனருக்குப் போன் செய்தேன். அவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். "நான் பேசினா தீர்ப்பு சொன்ன மாதிரி ஆயிடும். நீங்க பேசுங்க. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க" என்றார்.

அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது. என்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறாரே என்று.

ஐயாவிடம் பேசியதை வரிசையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த இடத்தில் திரும்பியிருக்கலாம் என்றுதான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"ஐயா, அந்தப் பொண்ணு புதுசு."

"புதுசுன்னா பொறுத்துக்கலாம்மா. அவசரத்தை எப்படிப் பொறுத்துக்கறது?"

"பொதுவுல போடாம எங்கிட்ட சொல்லியிருக்கலாமே ஐயா."

"மூணு தடவை சொன்னேனேம்மா."

சொல்லியிருந்தார். அந்த வாரத்திலேயே மூன்று செய்தி அனுப்பியிருந்தார், பக்க எண்ணோடு. மூன்றுக்கும் "பார்க்கிறேன் ஐயா" என்று பதில் போட்டிருந்தேன். பார்க்கவில்லை. அந்த வாரம் நிதி கொடுத்தவர்களுக்கு அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தேன். எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், எத்தனை பக்கம் முடிந்தது என்ற கணக்கு. அந்த மாணவியின் 40 பக்கமும் அந்தக் கணக்கில் இருந்தது.

இங்கே நான் மன்னிப்புக் கேட்டிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். கேட்கவில்லை. மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தவுடன் கையில் கிடைத்ததை எடுத்து வீசினேன். "112ஆம் பக்கத்துல அவ செஞ்சதுதான் ஐயா சரி. நீங்க மாத்தினதுதான் தப்பு" என்றேன். மூலத்தில் 'அனேக' என்று அச்சாகியிருந்தது. அவள் அப்படியே விட்டிருந்தாள். ஐயா அதை 'அநேக' என்று திருத்தியிருந்தார். மூலத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அவள் 40 பக்கத்தில் எத்தனையோ பிழையை விட்டிருந்தாள், அவர் ஒரே ஒரு இடத்தில் விதியை மீறியிருந்தார். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் ஓய்வைப் பற்றிச் சொன்னேன்.

அவர் திரும்பி வரவில்லை. அந்த மாணவியும் வரவில்லை.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். புதிதாக வருகிறவர்களைப் பொது இடத்தில் வைத்துத் திட்டுகிற குழு வளராது. விக்கிப்பீடியாவின் கதை எனக்கு மனப்பாடம். அதற்கு முன்னால் 2000இல் ஜிம்மி வேல்ஸின் நிறுவனம் நூபீடியா என்று ஒரு இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கியது. அறிஞர்கள் எழுத வேண்டும், 7 படி தாண்டி ஒப்புதல் வாங்க வேண்டும். 3 வருடம் நடந்தும் முழுதாக முடிந்த கட்டுரைகள் 30ஐக்கூட எட்டவில்லை. 2001 ஜனவரியில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விக்கிப்பீடியாவைத் திறந்துவிட்டார்கள். முதல் வருட முடிவில் ஏறத்தாழ 20,000 கட்டுரைகள். கதவைத் திறந்து வைத்தவன்தான் ஜெயித்தான். ஐயா சொன்னபடி படிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் தொட வேண்டும் என்றால் நாங்களும் நூபீடியா ஆகியிருப்போம். இதைத்தான் எல்லாரிடமும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அதே கதையில் லாரி சாங்கர் இருக்கிறார். விக்கிப்பீடியாவின் முதல் வருடத்தை முன்னால் நின்று நடத்தியவர். தன்னார்வலர்கள் நடுவில் சம்பளத்துக்கு இருந்தவர். 2002 தொடக்கத்தில் அவருக்கான பணம் நின்றது, அவரும் விலகினார். விஷயம் தெரிந்தவர்களுக்கு அங்கே மரியாதை இல்லை என்று பின்னாளில் எழுதிக்கொண்டே இருந்தார். முன்பெல்லாம் அதை ஒரு தோற்றவரின் புலம்பலாகத்தான் படிப்பேன். இப்போது அந்த வரிகள் எனக்கு ஐயாவின் குரலில் கேட்கின்றன.

கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது என்று எங்கள் துறையிலேயே சாட்சி இருக்கிறது. புத்தகங்களை இலவச மின்னூலாக்க 1971இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்துக்குப் புத்தகம் சேர்க்க 2000இல் சார்லஸ் ஃபிராங்க்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் மெய்ப்புப் பார்க்கக் கொடுப்பது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் செய்தால் போதும் என்பார்கள். ஒரு பக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று போகும். புதியவர்களுக்கென்றே தனியாகப் புத்தகம் ஒதுக்கி, அவர்கள் விட்ட பிழையை ஒரு வழிகாட்டி அவர்களுக்கே எழுதிச் சொல்வார். அங்கே ஐயா மாதிரி ஒருவர் இருந்திருந்தால் அவரைத்தான் வழிகாட்டியாக உட்கார வைத்திருப்பார்கள். மாணவி முதல் நாளே 'கால் எது, ரகரம் எது' என்று கற்றுக்கொண்டிருப்பாள். இரண்டு பேருமே இருந்திருப்பார்கள். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தே செய்யவில்லை.

உண்மையில் எங்களிடமும் அது இருந்தது, வேறு உருவத்தில். நான் வேலைக்கு வருவதற்கு முன்னால், புதிதாக யார் சேர்ந்தாலும் அவருடைய முதல் பக்கத்தை அண்ணனே படிப்பார். அலுவலகம் முடிந்து வந்து ராத்திரி உட்கார்ந்து படிப்பார். மறுநாள் காலையில் ஒரு செய்தி போகும்: "நன்றி. மூன்றாவது வரியில் காலுக்குப் பதில் ர இருக்கிறது, பாருங்கள். மற்றபடி அருமை." எனக்கும் அப்படி ஒன்று வந்தது. நான் குழுவில் தங்கியதற்கு அதுதான் காரணம். யாரோ ஒருவர் என் பக்கத்தை வரி விடாமல் படித்திருக்கிறார் என்ற சந்தோஷம். ஐயாவும் ஒருமுறை இதையே சொன்னார், "முதல் செய்தியிலேயே தெரிஞ்சிடுச்சும்மா, இவர் படிக்கிறவர்னு."

எனக்குச் சம்பளம் போட்டதும் அந்த வேலை என்னிடம் வந்தது. ஆட்கள் பெருகினார்கள். நான் முதல் பக்கங்களைப் படிப்பதை விட்டு, எல்லாருக்கும் ஒரே வரவேற்புச் செய்தி அனுப்பத் தொடங்கினேன். அந்த மாணவிக்கும் அதுதான் போனது. அவளுடைய முதல் பக்கத்தை நான் திறக்கவே இல்லை. திறந்திருந்தால் 40 பக்கம் வரை போயிருக்காது.

கிரெய்க் நியூமார்க்கைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன். 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் நிகழ்ச்சிகளைப் பற்றி நண்பர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கியவர். அதுதான் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பர இணையதளம் ஆனது. 2000இல் நிர்வாகப் பொறுப்பை ஜிம் பக்மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, பயனாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலையை மட்டும் பல வருடம் தானே வைத்துக்கொண்டார். நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கடிதங்களை வைத்துக்கொண்டார். எங்கள் அண்ணன் நாற்காலியை வைத்துக்கொண்டு கடிதங்களை என்னிடம் கொடுத்தார்.

எழுதிவிட்டுப் பார்த்தால் இது அநியாயமாகப் படுகிறது. அவருக்கும் வேலை இருந்தது, குடும்பம் இருந்தது. எத்தனை பேரின் பக்கத்தை ஒரு ஆள் ராத்திரி ராத்திரியாகப் படிக்க முடியும்? ஆள் வைத்ததே அதற்காகத்தானே. பழியை அவர் பக்கம் தள்ளிவிட்டு நான் நகர்கிறேனா என்றும் தோன்றுகிறது.

அவர் ஏன் தானே பேசவில்லை என்ற கேள்விக்கும் எனக்கு இரண்டு பதில் இருக்கிறது, நாளுக்கு ஒன்று. சில நாள், அதுதான் ஒரு நிறுவனரின் பக்குவம் என்று தோன்றும். பைதான் என்ற கணினி நிரல் மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2018 ஜூலையில் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். ஒரு சின்ன இலக்கண மாற்றத்துக்காக இவ்வளவு சண்டை போட்டு, இவ்வளவு பேரின் வெறுப்பைச் சம்பாதிக்க இனி முடியாது என்றார். வாரிசு என்று யாரையும் அறிவிக்கவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். அவர்களும் கூடிப் பேசி 5 பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். மொழி நன்றாகத்தான் இருக்கிறது. தன் வார்த்தை கடைசி வார்த்தையாக இருக்கக் கூடாது என்று நினைக்கிற நிறுவனர் இருந்தால்தான் குழு தன் காலில் நிற்கும். எங்கள் குழுவும் நிற்கிறது. அன்றைக்கு இருந்ததைவிட ஆட்கள் கூட, புத்தகங்கள் கூட.

வேறு சில நாள், ஐயாவுக்கு அண்ணனிடமிருந்து ஒரு போன் போதுமாயிருந்ததே என்று தோன்றும். அவர் கேட்டது தீர்ப்பு இல்லை. தன் முதல் பக்கத்தைப் படித்த மனிதர் இந்த 40 பக்கத்தையும் ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். அதற்கு யாரும் நடுநிலை வகிக்கத் தேவையில்லை. படித்தால் போதும்.

பேசி முடித்ததும் அண்ணனிடம் விவரம் சொன்னேன். "ம்" என்றார். அன்றும் சரி, பிறகும் சரி, ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நீ ஏன் திரும்பக் கூப்பிடவில்லை என்று என் அக்கா கேட்டாள். கூப்பிட நினைத்த நாளெல்லாம் ஏதாவது ஒரு கடினமான புத்தகம் கையில் இருந்த நாளாக இருந்தது. அவர் இல்லாமல் முடியாது என்று தோன்றும்போதுதான் அவர் ஞாபகம் வருகிறது என்றால், அது மன்னிப்புக் கேட்கும் போன் இல்லை, வேலைக்குக் கூப்பிடும் போன். அதை அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று பயமாக இருந்தது. இப்போது இவ்வளவு நாள் ஆனதே ஒரு காரணமாகிவிட்டது.

அந்த 40 பக்கமும் இருந்த புத்தகம், நான் ஐயாவிடம் பேசியதற்கு அடுத்த மாதம் வெளியானது. முன்பக்கத்தில் மெய்ப்புப் பார்த்தவர்களின் பெயர் போடுவது வழக்கம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைப் பார்த்துத்தான் நாங்களும் அதைக் கற்றுக்கொண்டோம். கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லொசானில் இருந்துகொண்டு பல நாட்டில் இருந்தவர்களைச் சேர்த்து நடத்திய அந்தத் திட்டத்தில், தட்டச்சு செய்தவர் யார், பிழை பார்த்தவர் யார் என்று நூலின் தலையிலேயே நன்றி இருக்கும். எங்கள் முறையில் அதிகப் பக்கம் பார்த்தவர் பெயர் முதலில் வரும். அதற்காகத் திருத்த வரலாற்றை எடுத்து எண்ணினேன்.

ஐயாவின் பெயரில் கடைசியாக இருந்த திருத்தங்கள் எல்லாம் நான் பேசிய அதே தேதியில் தொடங்கியிருந்தன. நான் போனை வைத்தது ஏழரை மணி வாக்கில். 9:12க்கு அவர் உள்ளே வந்திருக்கிறார். தனக்கு ஒதுக்கியிருந்த பக்கங்களில் மீதி இருந்த 24ஐயும் வரிசையாக முடித்திருக்கிறார். கடைசிப் பக்கம் மூன்று மணி கடந்து முடிந்திருக்கிறது. அதற்கெல்லாம் முன்னால், வந்த உடனே, 112ஆம் பக்கத்தைத் திறந்து தான் போட்ட 'அநேக'வை எடுத்துவிட்டு 'அனேக' என்று மாற்றியிருக்கிறார். குறிப்புக்கான கட்டத்தில் "மூலத்தில் உள்ளபடி" என்று எழுதியிருந்தார்.