அத்தையின் ரிப்போர்ட்டில் ஒரு கட்டுவிரியன்

அசிடைல்கோலின் ரிசெப்டார் ஆன்டிபாடி என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அசிடைல்கோலின் என்பது நரம்பு தசைக்கு அனுப்பும் வேதித் தூது, ரிசெப்டார் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி, ஆன்டிபாடி என்பது உடம்பின் நோயெதிர்ப்புப் புரதம். எங்களைப் போன்ற சின்ன லேபில் அதைச் செய்ய முடியாது. ரத்தம் எடுத்து, சுழற்றி, சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, தனியாகப் பிரித்து, ஐஸ் பேக்கோடு பெரிய லேபுக்கு அனுப்பி வைப்போம். அதோடு எங்கள் வேலை முடிந்தது. கும்பகோணத்தில் அபூர்வமாகத்தான் அந்தச் சீட்டு வரும். என் அத்தைக்கே அதை எழுதிக் கொடுக்கும்வரை, அதற்குள் என்ன நடக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

அத்தைக்குக் காலையில் எல்லாம் சரியாக இருக்கும். சாயங்காலம் ஆனால் இடது கண் இமை தொங்கிவிடும். சீரியல் பார்த்தால் ஒருவர் இருவராகத் தெரிவார். சப்பாத்தியைப் பாதி மென்றதும் தாடை ஓய்ந்துபோய், மீதியைக் குழம்பில் ஊறவைத்து விழுங்குவார். கண்ணாடியை மாற்றிப் பார்த்தோம், பலனில்லை. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர், "விரலையே பாருங்கம்மா" என்று கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் இமை தானாக இறங்கியது. மயஸ்தீனியா கிரேவிஸாக, அதாவது தசைகள் சீக்கிரம் ஓய்ந்துபோகும் நோயாக, இருக்கலாம் என்று சொல்லி, இந்தப் பரிசோதனையை எழுதினார்.

ரிப்போர்ட்டில் 6.8 என்று வந்தது. 0.4க்குக் கீழே இருந்தால் இயல்பு. ஆனால் லேப்காரன் கண்ணுக்கு முதலில் பட்டது அலகுதான்: லிட்டருக்கு நானோமோல். ஆன்டிபாடிகளைப் பெரும்பாலும் டைட்டராகவோ (எத்தனை மடங்கு நீர்த்தாலும் தென்படுகிறது என்ற கணக்கு) யூனிட்டாகவோதான் பார்த்துப் பழக்கம். மோல் கணக்கு என்றால் எதையோ ஒவ்வொரு மூலக்கூறாக எண்ணியிருக்க வேண்டும். எதை எண்ணினார்கள்? பரிசோதனைக் கிட்டோடு வரும் விவரச் சீட்டைத் தேடிப் படித்தேன். (எல்லோரும் தூக்கிப் போடும் அந்தத் தாளைப் படிப்பது எனக்கு ஒரு வியாதி.) அதில் இருந்தது: அயோடின்-125 ஏற்றிய ஆல்ஃபா பங்காரோடாக்சின். கட்டுவிரியன் இனத்துப் பாம்பின் நச்சு.

செய்முறை இப்படி. மனிதத் தசையிலிருந்தோ தசைச் செல்களிலிருந்தோ எடுத்த ஏற்பிகளில் இந்த நச்சை ஒட்டவைத்துவிடுகிறார்கள். நச்சில் கதிரியக்கம் இருப்பதால் அது எங்கே போனாலும் தெரிந்துவிடும். அதில் நோயாளியின் சீரத்தை விடுகிறார்கள். ஆன்டிபாடி இருந்தால் அது ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மனித ஆன்டிபாடிகளை மொத்தமாகப் படியவைத்து, படிவில் எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது என்று அளக்கிறார்கள். அத்தையின் சீரம் ஒரு லிட்டர் இருந்தால் எத்தனை நச்சு ஒட்டும் இடங்களைக் கீழே இழுத்து வரும் என்பதுதான் அந்த 6.8. உண்மையில் எண்ணப்பட்டது பாம்பின் நச்சு.

"ஏன்டா, என் ரத்தத்துல பாம்பு விஷத்தைக் கலந்தா பாக்குறாங்க?" என்றார் அத்தை.

"ட்யூபுக்குள்ளதான் அத்தை. உங்க உடம்புக்குள்ள ஒண்ணும் போகல."

"அதுக்கா அவ்வளவு காசு வாங்குனாங்க?"

அத்தைக்கு அதோடு முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை. எத்தனையோ பொருள்கள் இருக்க, பாம்பு ஏன் இதற்குள் வந்தது?

தசை அசைய வேண்டுமானால் நரம்பு முனையிலிருந்து அசிடைல்கோலின் வெளியே வந்து, தசையின் மேல் இருக்கும் ஏற்பியில் ஒட்ட வேண்டும். இந்த ஏற்பியே ஒரு அயனி வாய்க்கால். ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையை உண்டாக்குகின்றன. இரண்டு இடங்களில் அசிடைல்கோலின் வந்து உட்கார்ந்தால் துளை திறக்கிறது. ஒரு மில்லி வினாடி அளவுக்குத்தான். அதற்குள் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, தசையில் மின்துடிப்பு கிளம்புகிறது. இப்போது பள்ளிப் புத்தகம்போல எழுதிவிடலாம். 1960களில் இந்த ஏற்பியை யாரும் தனியாகப் பிரித்துக் கையில் எடுத்ததில்லை. தசையில் இருப்பதோ துளியூண்டு. அரைத்துக் கலக்கினால், ஆயிரம் புரதங்களுக்கு நடுவே எது அது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அசிடைல்கோலினும் ஒட்டிய வேகத்தில் விட்டுவிடும்.

வழி தைவானிலிருந்து வந்தது. தைபேயில் தேசிய தைவான் பல்கலைக்கழகத்தில் லீ சென்-யுவான் பாம்பு நஞ்சை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தத் தீவில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு கட்டுவிரியன் உண்டு, நம்மூர்க் கட்டுவிரியனுக்குப் பங்காளி. 1963இல் லீயும் அவருடைய சகா சாங்கும் அதன் நஞ்சை மின்சாரத்தால் கூறு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறு நரம்பைத் தொடாமல் தசை ஏற்பியை மட்டும் போய் அடைத்தது. அதற்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார்கள். 74 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். பிடித்தால் லேசில் விடாது. கடிபட்டவனுக்கு எமன், ஏற்பியைத் தேடுகிறவனுக்கு அருமையான தூண்டில். இதே லீ, எழுபது வயதைத் தாண்டியபின் 1991இல், பேச்சுரிமையை நசுக்கிய தைவான் தண்டனைச் சட்டத்தின் 100வது பிரிவை நீக்கச் சொல்லி வீதியில் உட்கார்ந்து போராடினார். நச்சைப் பற்றித் தேடப்போய் இதைப் படித்தபிறகு, மனிதர்மேல் மரியாதை இன்னும் கூடிவிட்டது.

1970இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஷான்-பியர் ஷாஞ்சோவும் லீயும் சேர்ந்து இந்த நச்சை மின்விலாங்கின் மின்உறுப்பில் சோதித்தார்கள். மின்விலாங்கு ஏன் என்றால், அதன் மின்உறுப்பு தசையிலிருந்து உருமாறி வந்தது. அதில் ஏற்பி மண்டிக் கிடக்கும். நச்சு ஒட்டிய புரதம் எதுவோ அதுதான் ஏற்பி என்று பிடித்தாகிவிட்டது.

அதன்பிறகு நடந்ததுதான் எங்கள் வீட்டுக் கதைக்கு நேராக வருகிறது. 1973இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் ஜிம் பாட்ரிக்கும் ஜான் லிண்ட்ஸ்ட்ராமும் மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்கு ஊசி போட்டார்கள். ஆன்டிபாடி வேண்டும் என்பதற்காக மட்டும்தான். முயல்கள் தலை தூக்க முடியாமல் துவண்டு விழுந்தன. மயஸ்தீனியாவுக்குக் கொடுக்கும் வகை மருந்தைச் செலுத்தியதும் எழுந்து நின்றன. அதே வருடம் பால்டிமோரில் ஃபாம்ப்ரோ, டிராக்மன், சத்யமூர்த்தி ஆகிய மூவர் கதிரியக்கம் ஏற்றிய பங்காரோடாக்சினை வைத்து நோயாளிகளின் தசையில் ஏற்பிகளை எண்ணினார்கள். இயல்பாக இருக்க வேண்டியதில் 11 முதல் 30 சதவீதம்தான் இருந்தது. நரம்பு நன்றாக இருக்கிறது, அசிடைல்கோலின் வருகிறது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நம் உடம்பின் ஆன்டிபாடியே அவற்றை அழிக்கிறது. 1976இல் லிண்ட்ஸ்ட்ராம் குழு இதையே ரத்தப் பரிசோதனையாக்கியது. அத்தைக்கு எடுத்தது அதன் வாரிசுதான்.

நாகம் கடித்தவருக்கும் முதலில் இமைதான் தொங்கும் என்பதை இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இல்லை. நாக நஞ்சும் ஆன்டிபாடியும் போய் நிற்பது ஒரே வாசலில். அத்தை சாப்பிடும் பைரிடோஸ்டிக்மினும், நாகக் கடிக்கு விஷமுறிவு மருந்தோடு சேர்த்துப் போடும் நியோஸ்டிக்மினும் ஒரே குடும்பம். இரண்டும் அசிடைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்கின்றன.

நம்மூர்க் கட்டுவிரியன் விஷயம் வேறு. அதன் நஞ்சில் பீட்டா வகை நச்சும் உண்டு. அதற்கு இரண்டு பாகம். ஒன்று நரம்பு முனையின் பொட்டாசியம் வாய்க்காலைப் பற்றிக்கொள்ளும், மற்றது அந்த முனையின் சவ்வையே அரித்துவிடும். அசிடைல்கோலின் வெளியே வரவே வழியில்லாதபோது நியோஸ்டிக்மின் என்ன செய்யும்? விஷமுறிவு மருந்தும் அழிந்த முனையைத் திருப்பித் தராது. அது வளரும்வரை வென்டிலேட்டர்தான் மூச்சு. தரையில் படுத்துத் தூங்குபவர்களை ராத்திரியில் கடிக்கும், வலியே இருக்காது, விடியும்போது வயிற்றுவலி என்று எழுவார்கள். டெல்டாக்காரர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. அசையாமல் கிடக்கும் அந்த நோயாளிக்கு நினைவு இருக்கும், பேசுவது கேட்கும். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, போய்விட்டார் என்று அழாதீர்கள்.

அத்தை விடவில்லை. "அப்போ கீரிக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகறதில்ல? அது ஏதோ மூலிகைப் பூண்டைத் தின்னுட்டு வருமாமே?" நல்ல கேள்வி. 1992இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் சாரா ஃபுக்ஸ் குழு கீரியின் ஏற்பியைப் பார்த்தது. நச்சு ஒட்டும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. அந்த மாற்றத்தால் அங்கே ஒரு சர்க்கரைச் சங்கிலி முளைத்து நச்சுக்கு இடம் கொடுக்காமல் நிற்கிறது. அசிடைல்கோலின் பொடிசு, அதற்குத் தடையில்லை. நாகப்பாம்பின் ஏற்பியிலும் இதுபோல ஒரு சங்கிலி உண்டு, அதனால்தான் தன் நஞ்சு தன்னைக் கொல்வதில்லை. பூண்டுக் கதையை விட மனமில்லாத அத்தை, "இருக்கட்டும், பூண்டும் தின்னும்" என்று முடித்துவிட்டார்.

இந்த ரிப்போர்ட் கையில் வைத்திருப்பவர்களுக்கு லேப்காரனாக ஒன்றிரண்டு. எண் பெரிதாக இருந்தால் நோய் பெரிது என்று அர்த்தமில்லை. ஒருவருடைய 6.8ஐயும் இன்னொருவருடைய 60ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். நெகட்டிவ் வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. கண்ணில் மட்டும் தொந்தரவு இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நெகட்டிவ்தான் வரும். இப்போது கதிரியக்கம் வேண்டாம் என்று, நிறம் மாறுவதை வைத்து அளக்கும் எலைசா முறைக்கு மாறும் லேபுகள் உண்டு. அடுத்த தடவை எடுக்கும்போது முறையும் அலகும் அதேதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாறியிருந்தால் பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.