கடைசி இரண்டு இடங்களுக்கான ஆட்டம்

கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் வட்டார கால்பந்து லீக்குக்கு ஃபிக்ஸ்சர், அதாவது யார் யாரோடு எப்போது ஆடுவது என்ற பட்டியல், போடும் வேலை என்னிடம் வந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன் எங்கள் பக்கத்தில் நடந்ததெல்லாம் ஒரு முறை தோற்றாலே வெளியேறும் நாக்-அவுட் தொடர்தான். பொங்கலுக்கு ஒன்று, கோடை விடுமுறையில் இரண்டு மூன்று. சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு, மைக் செட் எல்லாம் இருக்கும். தேவனாம்பட்டினத்துப் பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நுழைவுக் கட்டணம் கட்டி, ஷேர் ஆட்டோ பிடித்து மஞ்சக்குப்பம் வருவார்கள். ஏழு மணிக்கு ஆட்டம். ஒன்பது மணிக்குள் தோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அடுத்த தொடர் வரும்வரை அவர்களுக்கு வேறு ஆட்டமே கிடையாது. நன்றாக ஆடத் தெரிந்த அணிக்கு நாலு ஆட்டம், ஆடிப் பழக வேண்டிய அணிக்கு ஒரே ஆட்டம். எனக்கு அது பொறுக்கவில்லை.

லீக் என்று பேச்சை எடுத்ததும் 18 அணிகள் வந்தன. எல்லாரையும் ஒரே பட்டியலில் போட்டு ஒரு முறை மோதவிட்டாலே 153 ஆட்டம். எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மைதானம். நடுப்பகல் வெயிலில் ஆட முடியாது என்பதால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு ஆட்டம். 39 ஞாயிறு வேண்டும். கடலூரில் அத்தனை ஞாயிறுக்கு எங்கே போவது? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011-இல் தானே புயல் வந்தது டிசம்பர் 30-ஆம் தேதி. வருடக் கடைசிவரை மைதானத்தை நம்பித் தேதி குறிக்க முடியாத ஊர் இது.

அதனால் பொங்கல் முடிந்து தொடங்கி, ஜூன் பாதிக்குள் முடித்தாக வேண்டும். ஜூன் பாதி என்பதற்கும் காரணம் கடல்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் பையன்கள் அப்போது கரையில் இருப்பார்கள். கரையோர அணிகளின் ஆட்டங்களை முடிந்தவரை அந்த நாட்களில், வாரநாள் மாலையில் வைப்பேன். ஜூன் 15-க்குப் பிறகு கூப்பிட்டால் ஏழு பேர் தேறுவது கஷ்டம். ஏழு பேருக்குக் குறைந்தால் விதிப்படி ஆட்டத்தைத் தொடங்கவே முடியாது.

சரி, மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு டிவிஷனாகப் பிரிப்போம் என்று முடிவானது. அணிகளின் பழைய பெயரைப் பார்த்துப் பிரிக்க எனக்கு மனமில்லை. முதல் வருடம் ஒன்பது ஒன்பதாக இரண்டு குரூப். ஒவ்வொன்றிலும் முதல் நாலு அணி ஃபர்ஸ்ட் டிவிஷன், மீதிப் பத்தும் செகண்ட் டிவிஷன். அதன்பின் வருடா வருடம் இரண்டு ஏறும், இரண்டு இறங்கும். எட்டு அணிக்கு 28 ஆட்டம், பத்து அணிக்கு 45, மொத்தம் 73. செகண்ட் டிவிஷனில் கடைசியாக வரும் அணிக்கும் ஒன்பது ஆட்டம் உறுதி. நாங்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒன்பதுதான்.

ஏற்றுவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. முதல் முறை இறக்க வேண்டி வந்தபோதே நான் தவறிவிட்டேன். கடைசி இடத்தில் இருந்தது வட்டாரத்திலேயே பழைய அணி ஒன்று. அதன் மேனேஜர் வீட்டுக்கே வந்தார். "பி.டி. சார், இந்த ஒரு வருசம் மட்டும் விடுங்க. பசங்க மனசு ஒடஞ்சிடும்" என்றார். நானும் கமிட்டியில் பேசி, யாரையும் இறக்காமல் இரண்டு அணிகளை மட்டும் ஏற்றி, ஃபர்ஸ்ட் டிவிஷனைப் பத்து அணி ஆக்கினேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். செகண்ட் டிவிஷனில் முதலாவதாக வந்த அணியின் கேப்டன் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து ஆடியவர். அவர் கேட்டார்: "நாங்க ஜெயிச்சு வாங்குன எடம் சார். அவங்க கேட்டு வாங்கிட்டாங்க. ரெண்டும் ஒண்ணா?" என்னிடம் பதில் இல்லை.

அடுத்த சீசனில் விளைவு தெரிந்தது. மே மாதம் பட்டியலின் அடியில் இருந்த அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட வராமலே எதிரணிக்கு வாக்-ஓவர் கொடுத்தன. எப்படியும் இறக்கமாட்டார்கள் என்று எல்லாரும் எண்ணிவிட்டார்கள்.

இங்கிலாந்திலும் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. அங்கே கால்பந்து லீக்கில் 1892-இல் செகண்ட் டிவிஷன் வந்தபோது ஏற்றமும் இறக்கமும் தானாக நடக்கவில்லை. மேலே கடைசியாக வந்தவர்களும் கீழே முதலில் வந்தவர்களும், அடுத்த வருடம் மேலே யார் என்று முடிவு செய்ய, 'டெஸ்ட் மேட்ச்' ஆட வேண்டும். 1898-இல் ஸ்டோக்கும் பர்ன்லியும் மோதியபோது டிரா ஆனாலே இரண்டு அணிக்கும் மேல் டிவிஷன் உறுதி. 0-0 என்று முடிந்தது. கோல் போட யாருக்கும் எண்ணமே இல்லை. அவர்களும் டிவிஷனை 16 அணியிலிருந்து 18 ஆக்கித்தான் சமாளித்தார்கள். ஆனால் கையோடு டெஸ்ட் மேட்சை எடுத்துவிட்டு, இரண்டு ஏறும், இரண்டு இறங்கும் என்று நிலையாக்கினார்கள்.

நாங்களும் அப்படித்தான் செய்தோம். வாக்-ஓவர் கொடுத்த அந்த சீசன் முடிவில் நாலு அணியை இறக்கி, இரண்டை ஏற்றி, மறுபடி எட்டுக்கு வந்தோம். சீசன் தொடங்கும் முன்பே எல்லா மேனேஜர்களும் விதியில் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தாவது சுற்றுக்குப் பின் புது ஆட்டக்காரரைப் பதிய முடியாது. இல்லாவிட்டால் கடைசி ஆட்டத்துக்கு மட்டும் சென்னையிலிருந்து கெஸ்ட் பிளேயர் வந்து இறங்குவார், வருடம் முழுக்க ஆடிய பையன் வெளியே உட்கார்ந்திருப்பான். இறக்கத்தை முடிவு செய்யும் ஆட்டங்களை இரண்டு மைதானத்திலும் மாலை நாலரைக்கு ஒரே நேரத்தில் தொடங்குவோம். சாம்பியனை முடிவு செய்யும் ஆட்டத்துக்கு வருவதைவிட அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். ஒரு மைதானத்தில் கோல் விழுந்தால், அடுத்த மைதானத்தில் போனைக் காதில் வைத்திருப்பவர் முகத்திலேயே தெரிந்துவிடும்.

பெண்ணையாற்றைத் தாண்டி, முள்ளோடைக்கு அந்தப் பக்கமிருக்கும் பாகூர்ப் பையன்களும் சேரக் கேட்டார்கள். அவர்கள் ஊர் புதுச்சேரி கால்பந்துச் சங்கத்துக்குக் கீழே வருகிறது, நாங்கள் தமிழ்நாட்டுச் சங்கத்துக்குக் கீழே. நட்பு ஆட்டம் ஆடலாம், புள்ளிப் பட்டியலில் சேர்க்க முடியாது. வருத்தம்தான். சைக்கிளில் வந்து போகும் தூரம்.

நாட்டின் மேல்மட்டக் கால்பந்து லீக்காக 2014-இல் தொடங்கிய ஐ.எஸ்.எல்.லுக்கு, கீழிருந்து விளையாடி ஜெயித்து ஓர் அணி ஏறியது 2023-இல்தான். அதற்கு அடுத்த மட்டமான ஐ-லீக்கில் சாம்பியனான பஞ்சாப் எஃப்.சி. அந்தச் செய்தியை எங்கள் பையன்கள் வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். எங்கள் லீக்கிலிருந்து அவ்வளவு உயரத்துக்கு வழி இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஏறுவது என்றால் என்ன என்பதை அவர்கள் ஏற்கனவே பார்த்தவர்கள்.

அந்தப் பழைய அணி இப்போது செகண்ட் டிவிஷனில் ஆடுகிறது. பெரியவர்கள் சிலர் விலகிவிட்டார்கள். பிளஸ் டூ படிக்கும் பையன்களை மேனேஜர் இறக்கியிருக்கிறார். போன வருடம் நாலாவது இடம். என்னைப் பார்த்தால் முன்போலவே டீ வாங்கித் தருகிறார்.

இப்போது மூன்றாவது டிவிஷனுக்கு அலைந்துகொண்டிருக்கிறேன். ஆறு அணி இருந்தால் 15 ஆட்டம். இருக்கும் ஞாயிறுகளோடு சில வாரநாள் மாலைகளையும் சேர்த்தால் இடம் பண்ணிவிடலாம். குறிஞ்சிப்பாடி பக்கத்து ஊர்களிலிருந்து ஐந்து அணிகள் பெயர்ப் பட்டியலும் ஆதார் நகலும் கொடுத்துவிட்டன. ஆறாவது அணியில் இன்றைக்கு ஒன்பது பேர். பொங்கலுக்குள் இன்னும் ஆள் சேர்த்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பட்டியலில் அவர்களுக்கான வரிசையைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.