அழுகுணி ஆட்டம்

2024 நவம்பர் 4, திங்கள்

தம்பியிடம் வரிசையாக ஒன்பது ஆட்டம் தோற்றேன். தோற்பது எனக்குப் புதிதில்லை. தோற்ற விதம்தான் வயிற்றெரிச்சல். பழைய பிளேஸ்டேஷன் 2, கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே 2 என்ற சண்டை வீடியோ கேம். எப்போதும்போல நான் ரியூ, அவன் பிளாங்கா. நான் விட்ட ஹடோக்கென், அதாவது ரியூவின் நெருப்புப் பந்து, நேராகப் போய் பிளாங்காவின் நெஞ்சில் மோதியது. என் கண்ணால் பார்த்தேன். மோதி, உள்ளே புகுந்து, முதுகு வழியாக வெளியேறி, திரை ஓரத்தில் போய் மறைந்தது. அவனோ உடம்பெல்லாம் மின்சாரம் பளபளக்க, குத்துக்கல் மாதிரி நிற்கிறான். குனிந்து உதைத்தேன், எனக்குத்தான் ஷாக். மேலே குதித்தேன், அப்போதும் எனக்குத்தான் ஷாக்.

"அழுகுணி ஆட்டம்டா இது!"

"இல்லக்கா. ஆர்.சி."

இதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லாமல் தூங்கப் போய்விட்டான்.

நவம்பர் 5, செவ்வாய்

ஆர்.சி. என்றால் ரோல் கேன்சல். காலையில் கெஞ்சிக் கேட்டதில் கிடைத்ததை எழுதி வைக்கிறேன்.

லைட் பஞ்சையும் லைட் கிக்கையும் சேர்த்து அமுக்கினால் ஆள் தரையோடு உருண்டு முன்னே போவான். உருளும்போது குத்து, உதை, நெருப்புப் பந்து எதுவும் படாது. எதிரி அவனைப் பிடித்துத் தூக்கி எறிய மட்டும் முடியும். இதுவரை எல்லாம் சட்டப்படிதான். ஓட்டை எங்கே என்றால், உருளத் தொடங்கிய முதல் 3 ஃபிரேமுக்குள் (ஃபிரேம் என்றால் திரையில் ஒரு படம் நிற்கும் நேரம்) ஹடோக்கென், மின்சாரம் மாதிரி ஒரு ஸ்பெஷல் மூவ் கொடுத்தால் உருளல் ரத்தாகி ஸ்பெஷல் வந்துவிடுகிறது. உருளல் போனதும் அதன் கவசமும் போயிருக்க வேண்டும் இல்லையா? போவதில்லை. வேலையை விட்டுப் போனவன் ஆபீஸ் சாவியைக் கையோடு கொண்டுபோன கதைதான். நின்ற இடத்தில் மின்சாரம் விடும் பிளாங்கா, ஆட்டத்தின் கணக்கில் இன்னும் உருண்டுகொண்டே இருக்கிறான்.

இதற்கு உருளத் தெரிந்த க்ரூவ் வேண்டும். க்ரூவ் என்றால் ஆட்டம் தொடங்கும்முன் தேர்ந்தெடுக்கும் ஆட்ட முறை. ஆறு க்ரூவில் சி, ஏ, என் மூன்றுக்குத்தான் அந்த வசதி. நான் வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டு அழுவது கே. அதில் உருளவே முடியாது.

நவம்பர் 7, வியாழன்

ரியூவை ஓரம் கட்டிவிட்டு சி க்ரூவ் பிளாங்காவோடு உட்கார்ந்தேன். தம்பி இரண்டாவது பேடில் ரியூவாக ஹடோக்கென் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது என்னைத் துளைத்துப் போனால் ஆர்.சி. வந்துவிட்டது, இதுதான் சோதனை. வேறு வழியும் கிடையாது. ஆர்.சி. வந்த மின்சாரமும் வராத மின்சாரமும் பார்க்க ஒரே மாதிரி. நிறம் மாறாது, சத்தம் மாறாது.

குத்து பட்டன்களைக் கடகடவென்று தட்டி மின்சாரத்துக்கான கணக்கை நிரப்ப வேண்டும். பிறகு பெருவிரலைச் சாய்த்து லைட் பஞ்ச், லைட் கிக் இரண்டையும் ஒரே அமுக்கு. அந்தச் சூடு ஆறுவதற்குள் இன்னொரு குத்து. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிற ஆட்டத்தில் 3 ஃபிரேம் என்பது நொடியில் இருபதில் ஒரு பங்கு. கொஞ்சம் தாமதித்தால் பிளாங்கா உருண்டுபோய் ரியூவின் காலடியில் அசடு வழிய எழுந்து நிற்கிறான். இரண்டு பட்டனும் ஒன்றாக விழாவிட்டால் உருளலே இல்லை, வெறும் மின்சாரம். நெருப்புப் பந்து முகத்தில்.

நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். 100 முயற்சி, 11 வெற்றி. பெருவிரல் நுனி சிவந்து பளபளக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

100க்கு 14. டிவி மேல் பழி போட்டேன். தட்டை டிவியில் படம் தாமதமாக வருகிறது, பழைய குண்டு டிவி இருந்தால் பிச்சு உதறுவேன் என்றேன். தம்பி பேடைக் கீழே வைக்காமலே சொன்னான்: "படம் லேட்டா வந்தா உனக்கென்னக்கா? உருள்றதுக்கும் குத்துக்கும் நடுவுல இருக்கிற நேரம் உன் விரல்லதான இருக்கு?"

சரிதான். படம் எவ்வளவு பிந்தினாலும் இரண்டு அமுக்கலுக்கு இடையே உள்ள தூரம் மாறாது. கண்ணை மூடிக்கொண்டு முயன்றேன். 19 வந்தது. டிவியைத் திட்டியதற்கு டிவியிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நவம்பர் 12, செவ்வாய்

23. விரல் வலி. மீதி நாளைக்கு.

நவம்பர் 16, சனி

இன்று ஆட்டத்தைவிடச் சண்டைதான் அதிகம். ஓட்டை ஓட்டைதானே, செய்தவர்களே வேண்டாம் என்று நினைத்ததை நீ எப்படி ஆடலாம் என்று கேட்டேன். பிறகு வந்த ஈ.ஓ. பதிப்பில் ஆர்.சி.யை அடைத்தேவிட்டார்கள், அதையே ஆடலாமே என்றும் கேட்டேன். போட்டிக்குப் போகிறவர்கள் அடைக்காத 2001 ஆட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றான்.

அப்புறம் கேட்டான் பாருங்கள் ஒரு கேள்வி: "அப்போ காம்போ?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 தயாராகிக்கொண்டிருந்தபோது, காரை உடைக்கும் போனஸ் கட்டத்தைச் சோதித்த கேப்காம்காரர் ஃபுனாமிசு, ஒரு குத்து முடிவதற்குள் இன்னொன்றைச் சேர்க்க முடிவதைக் கவனித்தார். அதுதான் காம்போ. திட்டமிட்டு வைத்ததல்ல. இவ்வளவு நுணுக்கமான நேரக்கணக்கு யாருக்குக் கைவரப்போகிறது என்று நினைத்து விட்டுவைத்தார்கள். இன்று காம்போ இல்லாத சண்டை ஆட்டத்தை யாராவது கையால் தொடுவார்களா? நானே ரியூவை எடுத்தது அவனுடைய காம்போவுக்காகத்தான்.

ஆனால் எல்லா ஓட்டையையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன் என்றேன். அதே ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் முதல் பதிப்பில் கைல் என்ற ஆள், எட்ட நின்றபடியே எதிரியைத் தூக்கி எறிவான். எதிரில் இருப்பவர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. 2012இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கனில் ரொலென்டோ என்ற ஆள் எறியும் கத்தி எதிரியின் பந்தோடு மோதினால் ஆட்டமே உறைந்து நின்றது. அதை ஆடுவதும் மின்கம்பியைப் பிடுங்குவதும் ஒன்று. ஆர்.சி. அந்த வகையில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆர்.சி. விடுபவனைத் தூக்கி எறியலாம். கிட்டே நின்று, மின்சாரம் கிளம்புவதற்குள் பிடித்தால்.

"அப்போ பிடி" என்றான்.

பிடிக்கப் போனேன். ஆறில் ஒன்று பிடித்தேன். மற்ற ஐந்தும் ஷாக்.

நவம்பர் 17, ஞாயிறு

படுத்தபின் தோன்றியது. ஒரு போட்டியில் ஆர்.சி.யைத் தடை செய்தால் அதை யார் கண்டுபிடிப்பது? நெருப்புப் பந்து துளைத்துப் போனால் சரி, மாட்டிக்கொண்டான். பந்தே வராத நேரத்தில் விட்ட மின்சாரம் எந்த ரகம் என்று நடுவர் எதை வைத்துச் சொல்வார்? விட்டவனுக்கே தெரியாதே. பிளாங்கா மாதிரி ஒரு பாத்திரத்தைத் தடை செய்யலாம், கண்ணுக்குத் தெரியும். விரல் நுனியில் 3 ஃபிரேமுக்குள் நடப்பதை எப்படித் தடை செய்வது?

தம்பியிடம் சொல்லவில்லை. அவன் பக்கம் பேசுவதுபோல ஆகிவிடும்.

நவம்பர் 23, சனி

பயிற்சியில் 100க்கு 41. பிளாங்காவை அவனுக்கே விட்டுவிட்டு ரியூவுக்குத் திரும்பினேன், ஆனால் சி க்ரூவில். கே க்ரூவை விடுவது பழைய செருப்பை விடுவது மாதிரி இருந்தது. ஹடோக்கெனுக்கும் அதே வித்தைதான்: கீழிருந்து முன்னே சுழற்றி, உருளல், உடனே குத்து.

ஐந்து ஆட்டத்தில் நான்கு அவனுக்கு. ஐந்தாவதின் கடைசிச் சுற்றில் இருவருக்கும் நூலளவு உயிர். அவன் பந்தாகச் சுருண்டு பாய்ந்து வந்தான். என் விரல் என்னைக் கேட்காமலே எதையோ அமுக்கியது. ஹடோக்கென் கிளம்பியது, பிளாங்கா பல்டி அடித்து விழுந்தான்.

"ஆர்.சி.யாக்கா அது?"

என் பந்து அவன்மேல் முதலில் பட்டதா, அவன் பாய்ச்சல் என்னைத் துளைத்த பிறகு பட்டதா? எனக்குத் தெரியவில்லை. உருளல் பட்டன் விழுந்ததா என்பதுகூட நினைவில்லை.

"பின்னே?" என்றேன்.