வாயைத் திறக்காத வேலை

நியூ ஜெர்சியில் ஒரு சினகாக் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். "யூதர் கோயிலில் உனக்கென்ன வேலை?" என்று ஊரிலிருந்து அம்மா கேட்டார். சந்தா வரவு, மின்கட்டணம், கூரை ஒழுகினால் ஆள் கூப்பிடுவது என்றேன். நோயாளிகளையும் துக்க வீடுகளையும் போய்ப் பார்க்கும் தொண்டர்களின் பட்டியலும் என் மேசைக்கு வந்து சேரும் என்று அப்போது எனக்கே தெரியாது.

நோயாளிகளைப் பார்க்கப் போவதை அவர்கள் 'பிக்கூர் ஹோலிம்' என்கிறார்கள். அதைச் சபையின் குருவான ரப்பியின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. எல்லோருக்கும் உள்ள கடமை. பார்க்கப் போகிறவர் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார் என்கிறது அவர்களுடைய பழைய சமய நூலான தல்மூத். அப்படியானால் அறுபது பேரை அனுப்பினால் தீர்ந்துவிடுமே என்ற கேள்வியையும் அதுவே கேட்கிறது. ஒவ்வொருவரும் எடுப்பது மிச்சமிருக்கும் நோயில் அறுபதில் ஒரு பங்குதான் என்பது பதில். இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுகிற கணக்கு! போட்டுப் பார்த்தேன். அறுபது பேர் போய்வந்த பிறகும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நோய் நிற்கிறது.

ஒருமுறை ஆள் குறைந்தது. குழுவை நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியை என்னையே கூட்டிக்கொண்டு போனார். கட்டிலருகே நின்றுகொண்டு பேசாதே, நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்கார் என்றார். விடிந்ததும் போகக் கூடாது, பொழுது சாயும்போதும் கூடாது. காலையில் நோயாளி தெம்பாகத் தெரிவார், பார்க்கிறவருக்குப் பிரார்த்தனை செய்யத் தோன்றாது. மாலையில் சோர்ந்து கிடப்பார், நம்பிக்கையே போய்விடும். சரி, போய் என்ன செய்வது? பெரும்பாலும் சில்லறை வேலைகள்தான். போன் சார்ஜர் வாங்கித் தருவோம், வீட்டு நாயை நடக்கக் கூட்டிப்போவோம், குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளுவோம். யாரும் எட்டிப் பார்க்காத ஒரு சீடரை ரப்பி அகிவா போய்ப் பார்த்தார்; தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்ததில் அந்தச் சீடர் பிழைத்துக்கொண்டார் என்று தல்மூத்தில் ஒரு கதை உண்டு. வாசல் தெளித்து வளர்ந்த எனக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் சொதப்பியது துக்க வீட்டில். அடக்கம் முடிந்து ஏழு நாள் 'ஷிவா' இருப்பார்கள். கண்ணாடிகளைத் துணியால் மூடிவிடுவார்கள், துக்கப்படுகிறவர்கள் தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் மணி அடித்துவிட்டு நிற்க வேண்டியதில்லை, கதவு பூட்டாமல்தான் இருக்கும். 93 வயதில் இறந்துபோன ஒரு அம்மாவின் மகன், அவருக்கே அறுபதைத் தாண்டியிருக்கும், சட்டையில் கிழித்த கறுப்பு ரிப்பன் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் இது கல்யாணச் சாவு. மேளம் வைத்து, பூத்தேர் கட்டி அனுப்புவோம். அந்த நினைப்பில், "நல்லபடியாக வாழ்ந்து முடித்தார்கள், குறையில்லாத சாவு" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது காரில் ஆசிரியை திட்டவில்லை. "அவர் வாய் திறக்கும்வரை நாம் பேசக் கூடாது என்பதுதான் வழக்கம்" என்றார். பைபிளில் எல்லாவற்றையும் இழந்து நிற்கும் யோபுவின் நண்பர்கள் அவனோடு ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது என்று சிரித்தார்.

மற்றதெல்லாம் எனக்குப் புதிதில்லை. அடக்கம் முடிந்து வந்ததும் முதல் சாப்பாடு அக்கம்பக்கத்தாரிடமிருந்துதான் வர வேண்டும். அவித்த முட்டை, பயறு என்று உருண்டையான பண்டங்களாக இருக்கும். துக்க வீட்டில் அடுப்பு மூட்டாமல் சம்பந்தி வீட்டுச் சாப்பாடு வருவதைப் பார்த்தவள் நான். கிளம்பும்போது நாம் "போயிட்டு வரேன்" சொல்ல மாட்டோம். அங்கே சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கப்படுகிறவர்களோடு உங்களுக்கும் ஆறுதல் கிடைக்கட்டும் என்று எபிரேயத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு வருவார்கள். அதை மனப்பாடம் செய்ய எனக்கு ஒரு வாரம் ஆனது.

அந்த மகன் அதன்பிறகு தினமும் காலையில், இறந்தவருக்காகச் சொல்லும் 'கடிஷ்' என்ற பிரார்த்தனையைச் சொல்ல வந்தார். பெற்றோருக்காக 11 மாதம் சொல்ல வேண்டும். சாவைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை, முழுக்கக் கடவுளின் புகழ்தான். ஆனால் பத்துப் பேர் கூடாமல் சொல்ல முடியாது. பெண்களையும் எண்ணுகிற சபை எங்களுடையது. யூதர் அல்லாத நான் மட்டும் கணக்கில் வர மாட்டேன்.

ஜனவரியில் பனி கொட்டிய ஒரு காலையில் ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். பட்டியலை எடுத்துவைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். நான்காவது ஆள் வருவதாகச் சொன்னார். மகன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் பேசவில்லை, நானும் பேசவில்லை.

"அம்மாவும் எங்கே போனாலும் லேட்டாகத்தான் வருவாள்" என்றார்.

நான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.