முதல் மார்ச்: 1939இன் எட்டு அணிகள்

மார்ச் 17

அமெரிக்கக் கல்லூரி ஆடவர் கூடைப்பந்தின் முதல் தேசியக் கழகப் போட்டி (கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் NCAA அமைப்பைத்தான் தேசியக் கழகம் என்கிறேன்), 1939இல் இதே நாளில் பிலடெல்பியாவின் பலெஸ்ட்ரா அரங்கில் தொடங்கியது. அந்த ஆட்டங்களை அந்தந்தத் தேதியிலேயே பின்தொடர்வதென்று, பழைய ஆட்டக்குறிப்பு நோட்டு ஒன்றில் பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இன்றைக்கு இரண்டு ஆட்டங்கள்: வில்லனோவா பிரவுனை 42-30 என்றும், ஒஹாயோ ஸ்டேட் வேக் ஃபாரஸ்டை 64-52 என்றும் வென்றன.

இருக்கும் அணிகளே எட்டுதான். நாட்டை எட்டு வட்டாரங்களாகப் பிரித்து வட்டாரத்துக்கு ஓர் அணியை அழைத்தார்கள். ஒரு தோல்வியோடு பட்டம் கைநழுவிவிடும் என்பதால், முதல் ஆட்டமே இறுதியாட்டத்தைப் போலக் கனத்திருக்கும்.

மார்ச் 18

ஒஹாயோ ஸ்டேட் வில்லனோவாவை 53-36 என்று வீழ்த்தியது. வென்ற அணியின் ஜிம்மி ஹல் ஒருவரே 28 புள்ளிகள் எடுத்தார் என்று எழுதும்போது பென்சில் சற்று நின்றது. அணி எடுத்ததில் பாதிக்கும் மேல் அவருடையது.

மார்ச் 20

மேற்குப் பகுதி ஆட்டங்கள் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கடலைத் தூர்த்து உருவாக்கிய ட்ரெஷர் தீவில், உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்த வளாகத்திலேயே நடந்தன. ஓரிகன் டெக்சாஸை 56-41 என்றும், ஓக்லஹோமா யூட்டா ஸ்டேட்டை 50-39 என்றும் வென்றன.

ஓரிகன் அணிக்கு 'நெடிய ஃபிர் மரங்கள்' என்று பெயர். நடு ஆட்டக்காரர் ஸ்லிம் விண்டர்மியூட் ஆறடி எட்டங்குலம் என்பதால் பெயர் பொருத்தமானதுதான். ஆனாலும் அந்தப் பெயர் பாதி உண்மையையே சொல்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பந்தை எடுத்துச் சென்ற பாபி ஆனெட், வாலி ஜோஹான்சன் இருவரும் அஸ்டோரியா என்ற துறைமுக ஊரில் வளர்ந்த, ஐந்தடி எட்டங்குல உயரமே உள்ள இளைஞர்கள். ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடுவட்டத்துக்குத் திரும்பிப் பந்தைத் தூக்கிப்போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் பழைய விதி 1937-38 பருவத்தில்தான் நீக்கப்பட்டிருந்தது. எதிரணி கூடை போட்ட மறுகணமே பந்தை எடுத்துக்கொண்டு ஓடலாம் என்ற அந்தப் புதிய வாய்ப்பைப் பயிற்சியாளர் ஹோவர்ட் ஹாப்சன் முழுமையாகப் பயன்படுத்தினார்; நெடியவர்கள் தடுத்துப் பிடித்த பந்து, குள்ளமானவர்களின் கால்வேகத்தில் மறுமுனை சேர்ந்தது.

மார்ச் 21

ஓரிகன் 55, ஓக்லஹோமா 37.

மார்ச் 27

இறுதியாட்டம், இவான்ஸ்டன் நகரில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பேட்டன் அரங்கில். இடைவேளையில் 21-16 என்று முன்னிலையில் இருந்த ஓரிகன், ஒஹாயோ ஸ்டேட்டை 46-33 என்று முடித்தது. ஜான் டிக் 15 புள்ளிகள் எடுத்தார். ஆனால் போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தோற்ற அணியின் ஹல்லைத் தேர்ந்தெடுத்தார்கள், அது நியாயமே.

ஆட்டத்தின் நடுவில், எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிய பந்தைப் பிடிக்கப் பாய்ந்த ஆனெட், கோப்பை வைத்திருந்த மேசையின் மேல் போய் விழுந்தார். கோப்பையின் உச்சியில் நின்ற ஆட்டக்காரர் உருவம் உடைந்து கழன்றது. ஆட்டம் முடிந்ததும் அணித் தலைவரான அவரிடமே அந்தக் கோப்பையை இரண்டு துண்டுகளாகக் கொடுத்தார்கள். ஒரு பந்துக்காக உடம்பைக் கீழே போடும் ஆட்டக்காரனைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

மார்ச் 28

கணக்குப் பார்த்தபோது போட்டியை நடத்திய பயிற்சியாளர் சங்கத்துக்கு 2,531 டாலர் நட்டம். நியூயார்க்கில் 1938இலேயே விளையாட்டு எழுத்தாளர்கள் தொடங்கிவிட்ட அழைப்புப் போட்டியைப் பார்த்து, நாடு முழுவதற்குமான போட்டி பயிற்சியாளர்கள் கையில் இருக்க வேண்டும் என்று முன்னின்று வாதாடியவர் ஹெரால்ட் ஓல்சன். இறுதியில் தோற்ற ஒஹாயோ ஸ்டேட்டின் பயிற்சியாளரும் அவரே. பட்டமும் கிடைக்காமல், சங்கத்தின் பணமும் போன அந்த வாரத்தை அவர் எப்படிக் கடந்திருப்பார் என்றே இன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு பொறுப்பைத் தேசியக் கழகம் ஏற்றுக்கொண்டது; கான்சாஸ் சிட்டியில் இண்டியானா கான்சாஸை 60-42 என்று வென்றது. அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் கட்டம் போட்டுவிட்டேன்.