நீல வால் பல்லியும் சித்தி வீட்டு ராஜாவும்

மொரிஷியஸில் சித்தியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே நான் ஒரு தவறு செய்துவிட்டேன். சமையலறை மேசையில் திறந்து வைத்திருந்த கொய்யாப்பழ ஜாம் புட்டியின் விளிம்பில், இளந்தளிரின் பச்சை நிறத்தில் ஏதோ அசைவதைக் கண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினேன். அது ஜன்னல் வழியாக ஓடி மறைந்தது. மயில் கழுத்தின் நீலத்தில் இருந்த வால் மட்டும் மேசையின் மேல் தனியாகக் கிடந்து, ஒரு நிமிடத்துக்கும் மேலாகத் துள்ளித் துள்ளி அடங்கியது. சத்தம் கேட்டு வந்த சித்தி அதைப் பார்த்தாள். “அதை ஏன் கண்ணா அடிச்சே? தினமும் காலையில வந்து ரெண்டு நக்கு நக்கிட்டுப் போகும், பாவம்” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சித்தி கும்பகோணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டுப் போய் முப்பது ஆண்டுகள் ஆகின்றன. கரும்புத் தோட்டத்து வேலைக்குக் கப்பலேறிப் போன குடும்பத்தில் வந்தவர் சித்தப்பா. பள்ளியிலும் கோயிலிலும் தமிழ் கற்றவர் என்பதால், அச்சில் வந்த தமிழைப் போல நிறுத்தி நிதானமாகப் பேசுவார். கத்ர போர்ன் நகரில், கோர் தெ கார்த் மலையைப் பார்த்தபடி இருக்கிறது அவர்கள் வீடு. அந்த மலைச்சரிவில் முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூசத்தின்போது காவடிகள் அந்தப் படிகளில் ஏறும். நான் போயிருந்தது நவம்பர் மாதக் கடைசி. தீவில் அது கோடைக்காலம், லிச்சி பழுக்கும் பருவம்.

அந்தப் பல்லியைப் பற்றிச் சித்தப்பாதான் எனக்குச் சொன்னார். நம் வீட்டுச் சுவரில் இரவில் விளக்கடியில் வந்து நிற்கும் பல்லியைப் போன்றதன்று அது. பகலில் நடமாடுவது, மொரிஷியஸ் மண்ணுக்கே உரியது. பூச்சியைப் பிடிப்பதோடு பூவின் தேனையும் பழச்சாற்றையும் நக்கி உண்பதால்தான் ஜாம் புட்டியைத் தேடி வருகிறது. தீவின் மலைக்காடுகளில் மட்டும் வளரும் ரூசியா என்ற செடிக்கு மகரந்தம் கொண்டு சேர்ப்பதும், பழத்தைத் தின்று விதையைப் பரப்புவதும் இந்த நீல வால் பல்லிதான். வெளியிலிருந்து வந்து பரவிய ஒருவகை எறும்பு, மாவுப்பூச்சிகளை வளர்ப்பதற்காக அந்தப் பூக்களின் மேல் மண்ணால் கூடு கட்டிவிடுகிறது. எறும்பு இருக்கும் பூவைப் பல்லி நெருங்குவதில்லை; பல்லி வராத பூவில் காய் பிடிப்பது அரிதாகிறது. இதைக் கேட்ட பிறகு, மேசையில் துடித்த அந்த வால் என் கண்ணை விட்டு அகல மறுத்தது.

இரவு ஆனதும் சுவர் கைமாறும். பச்சைப் பல்லி ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் ஒடுங்கிக்கொள்ள, சாம்பல் நிறத்து வீட்டுப் பல்லிகள் குழல்விளக்கின் இரு பக்கமும் வந்து அமரும். அவற்றில் ஒன்று கொட்டினால், சித்தி பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை அப்படியே நிறுத்தி, மேசையை மூன்று முறை விரலால் தட்டி “கிருஷ்ணா, கிருஷ்ணா” என்பாள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு வந்த கை அது. கடல் கடந்தாலும் பழக்கம் விடவில்லை. ஒரு நாள் மாலை மழை விட்ட உடனே ஈசல் கிளம்பி வீடெங்கும் மொய்த்தது. எங்கள் ஊரில் செய்வதைப் போலவே கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, தாழ்வாரத்தில் ஒரே ஒரு விளக்கை எரியவிட்டு, அதன் கீழே அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள். பல்லிகள் அன்று வயிறு முட்டத் தின்று, அசைய முடியாமல் சுவரில் ஒட்டிக்கிடந்தன.

இனி ராஜா. செம்பழுப்பு நிறத்தில், ஒரு காது மடிந்து ஒரு காது நிமிர்ந்து நிற்கும் நாட்டு நாய் அது. “வா” என்றால் சித்தியிடம் மட்டும் வரும். மற்றவர்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் “வினி” என்றால்தான் திரும்பிப் பார்க்கும். நான் முதல் மூன்று நாள் தமிழில் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தேன். நான்காம் நாள் “வினி, ராஜா” என்றதும் ஓடி வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது.

கொல்லையில் இருக்கும் லிச்சி மரம்தான் அதன் இரவு இருப்பிடம். பொழுது சாய்ந்ததும் மலைப் பக்கமிருந்து பழந்தின்னி வௌவால்கள் வரத் தொடங்கும். ஒவ்வொன்றும் அரைக் கிலோ எடை இருக்கும். சிறகை விரித்தால் ஏறக்குறைய ஒரு சிறு பிள்ளை இரு கைகளையும் நீட்டிய அளவு. அவை பழத்தை வாயில் வைத்து அண்ணத்தோடு நசுக்கிச் சாற்றை மட்டும் குடித்துவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். பாதி கடித்த பழங்களும் கீழே உதிரும். ராஜா வௌவால்களைப் பார்த்து ஒருபோதும் குரைப்பதில்லை. மேலே சலசலப்புக் கேட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து நின்று காத்திருக்கும். பழம் ஒன்று விழுந்தால், அதை இரு முன்னங்கால்களுக்கும் நடுவில் பிடித்து, முன்பல்லால் தோலை ஓரமாகக் கிழித்து, சதையை நக்கி எடுத்துவிட்டுக் கொட்டையை அப்படியே விட்டுவிடும். காலையில் பார்த்தால் மரத்தடியில் வழவழவென்ற பழுப்புக் கொட்டைகள் பத்துப் பதினைந்து கிடக்கும். கொட்டையை விழுங்கினால் நாய்க்குக் கேடு என்று சித்தி விடியலில் முதல் வேலையாக அவற்றைப் பொறுக்கிவிடுவாள்.

அந்த வௌவாலைப் பற்றித் தீவில் பேச்செடுத்தால் குரல்கள் உயர்ந்துவிடுகின்றன. பழத்தை விற்றுப் பிழைப்பவர்களுக்கு ஒரு பருவத்து இழப்பு சிறியதன்று. அவர்களுடைய கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 2015-லும் 2016-லும் அரசே ஆயிரக்கணக்கில் சுடச் செய்தது என்பதையும், 2018-இல் அந்த இனம் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலுக்குத் தள்ளப்பட்டது என்பதையும் கேட்டபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. காட்டு மரங்களின் விதைகளைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் பெரிய பூர்வீக விலங்கு அங்கே மிச்சமிருப்பது அது ஒன்றுதான். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில், கூடு கட்டிய பறவைகள் மிரளக்கூடாது என்று கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மரத்தில் பாதிக்கு மட்டும் வலை கட்டும் தம் வழக்கத்தைக் காட்டி, “மேல்பாதி அவற்றுக்கு, கீழ்ப்பாதி நமக்கு. என் தந்தையார் காலத்தில் வலையும் இல்லை, சண்டையும் இல்லை” என்றார்.

பகலில் ராஜாவின் சோற்றுத் தட்டுக்குப் பங்காளிகள் மைனாக்கள். அங்கே அவற்றை மார்த்தேன் என்கிறார்கள். பயிரைத் தின்ற செவ்வெட்டுக்கிளிகளை ஒடுக்குவதற்காக 1762-இல் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவை அவை. பூச்சியை அடக்க இன்னோர் உயிரைக் கொண்டுவந்து வெற்றி கண்ட மிகப் பழைய முயற்சிகளுள் அதுவும் ஒன்று. செம்மீசைச் சின்னானும் 1892-இல் போய்ச் சேர்ந்ததுதான். அதன் பெயரை அங்கே ‘கோந்தே’ என்று சொல்லக் கேட்டதும், நம் ஊரில் அதைக் கொண்டைக்குருவி என்பது நினைவுக்கு வந்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நான் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு, இருட்டும் நேரத்தில் ராஜா வேலியோரம் ஆடாமல் அசையாமல் நின்றது. அருகே போனால், சருகுக்குள்ளிருந்து உலர்ந்த விதைகளை உள்ளங்கையில் தேய்ப்பதைப் போல ஓர் ஒலி. சித்தப்பா கைவிளக்கை அடித்தார். கூர்மூக்கும் முள்மயிரும் உடைய தாய் ஒன்று முன்னே போக, பின்னால் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட குட்டிகள் வரிசையாகப் போயின. பதினான்கு வரை எண்ணினேன், அதற்குள் மறைந்துவிட்டன. மடகாஸ்கரிலிருந்து வந்த தாங் என்னும் உயிரினம் அது. ஒரே ஈற்றில் 32 குட்டிகள் வரை போடக்கூடியது. குட்டிகள் முதுகு முட்களை ஒன்றோடொன்று உரசி எழுப்புவதே அந்த ஒலி. சிறுவயதில் தாங் கறி தின்றிருப்பதாகவும், ஒருமுறை இப்படி வரிசையாகப் போவதைப் பார்த்த பிறகு விட்டுவிட்டதாகவும் சித்தப்பா சொன்னார். கறிக்காக அதை வேட்டையாட நாய்களைப் பழக்குவோர் அங்கே உண்டு. ராஜாவோ கடைசிக் குட்டி போகும் வரை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றது. பிறகு அவை போன தடத்தை முகர்ந்துவிட்டு லிச்சி மரத்தடிக்குத் திரும்பியது.

ஊருக்குக் கிளம்பிய அன்று விடியற்காலையில் சித்தி என்னை மெல்லத் தொட்டு எழுப்பிச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். ஜாம் மூடியின் மேல் அது இருந்தது. வெட்டுப்பட்ட இடத்தில் உளுந்து அளவுக்குக் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு முளை. இமை இல்லாத கண்ணை ஒருமுறை நாக்கால் துடைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, மறுபடி ஜாமை நக்கத் தொடங்கியது. துண்டை நான் அறையிலேயே விட்டு வந்திருந்தேன்.