ஆறு நட் ஒத்துப்போனால் போதாது: பழைய ஃபார்ச்சூனருக்கு வீலும் ஏ/டி (எல்லாப் பாதைக்குமான) டயரும்

செகண்ட் ஹேண்டில் ஃபார்ச்சூனர் வாங்கியவர் டயர் கடைக்குப் போனதும், பழைய டயரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுகிறார். அந்த மொட்டை டயர்தான் வண்டியின் ஜாதகம். கழற்றும் முன் ஐந்து நிமிடம் கொடுங்கள். முன்பக்கம் இரண்டு டயரும் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. ஒன்று மட்டும் அப்படித் தேய்ந்திருந்தால் அந்தப் பக்க லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் இரண்டையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். டயரின் பட்டன்கள் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள்) மேல் உள்ளங்கையைத் தேய்த்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த் திசையில் ரம்பம் மாதிரி கீறினால் டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) கோளாறு. சுற்றிலும் இடைவெளி விட்டுக் குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. இதைச் சரி பண்ணாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

இனி வீல். இங்கே பேசுவது 2009 முதல் 2016 வரை நம் ஊரில் விற்ற முதல் தலைமுறை ஃபார்ச்சூனர். கம்பெனி வீல் 17 இன்ச், 7.5 ஜே (அதாவது 7.5 இன்ச்) அகலம், ஆஃப்செட் (வண்டியில் அமரும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்ற அளவு) +30, ஆறு நட், பிசிடி (நட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 139.7, நடு ஓட்டை 106.1 மி.மீ., ஸ்டட் மரை 12×1.5. டயர் 265/65 ஆர்17.

“ஆறு நட், 139.7, அப்படியே உட்காரும் சார்” என்று கடையில் சொல்வார்கள். எண்டெவருக்கும் பஜேரோ ஸ்போர்ட்டுக்கும் அதே ஆறு நட், அதே 139.7தான். ஆனால் பஜேரோ ஸ்போர்ட் வீலின் நடு ஓட்டை 67.1 மி.மீ., 2016 எண்டெவருடையது 93.1. 106 மி.மீ. ஹப்பில் (வண்டியில் வீல் அமரும் நடுப்பாகம்) இவை எப்படி உட்காரும்? உடனே “லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடலாம்” என்பார்கள். அலாய் வீலின் நடுப்பகுதியைக் கடைவது அதன் பலத்திலேயே கை வைப்பது. அந்தப் பேச்சு வந்தால் கிளம்பிவிடுங்கள். எண்டெவர் வீலின் ஆஃப்செட் வேறு +55. ஓட்டை சரியாக இருந்தாலும் வீல் 25 மி.மீ. உள்ளே தள்ளி உட்காரும்.

ஓட்டை பெரிதாக இருந்தால் பிரச்சினை வேறு மாதிரி. வெளிச்சந்தை அலாய் பலவற்றில் ஓட்டை 110 மி.மீ. அளவில் இருக்கும். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே விழும் சந்துக்கு ஹப் ரிங் போட வேண்டும். இல்லாவிட்டால் நட் மட்டுமே வீலை நடுவில் நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் 80-100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று அலைபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ரிங்கைத்தான்.

ஆஃப்செட் கணக்கை நீங்களே போடலாம். வீல் அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் ஹப் முகத்திலிருந்து வீல் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று தெரியும். 7.5 ஜே என்பது 190.5 மி.மீ.; பாதி 95, கழித்தல் 30, ஆக 65. 8 ஜே, +20 எடுத்தால் 101.6 கழித்தல் 20, அதாவது 82 அருகில். வீல் 16 மி.மீ. வெளியே வரும். பார்வைக்கும் நன்றாக இருக்கும், வண்டியும் தாங்கும். 9 ஜே, ஆஃப்செட் பூஜ்யம் என்றால் 114 மி.மீ.; 49 மி.மீ. வெளியே. அதற்குமேல் வீல் பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் பேசும். சேறும் ஜல்லியும் கதவில் அடிக்கும், குழியில் விழுந்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். 2010 வாக்கில் பதிவான வண்டிகள் 15 வருடம் முடிந்து எஃப்சிக்குப் போகும் காலம் இது. மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் வீலோடு ஆர்டிஓ முன்னால் நிற்பது உங்கள் விருப்பம்.

நட் விஷயத்தில்தான் உயிரோடு விளையாடுகிறார்கள். டொயோட்டா கம்பெனி அலாய்க்கு வரும் நட்டில் நீளமான கழுத்தும் தட்டை வாஷரும் இருக்கும். வாஷர் வீலில் தட்டையாக அமரும். வெளிச்சந்தை அலாய்க்குப் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு நட் வேண்டும். பழைய நட்டையே போட்டு முறுக்கினால் முறுகிய மாதிரிதான் தெரியும். சாய்வான குழிக்குள் வாஷரின் ஓரம் மட்டும் கோடு போலத் தொட்டுக்கொண்டிருக்கும். ஓட ஓடத் தளர்ந்துவிடும். புது வீல் வாங்கினால் அதற்கான 24 நட்டையும் சேர்த்து வாங்குங்கள். பழையதைத் தூக்கிப் போட வேண்டாம், கம்பெனி வீல் திரும்ப மாட்டும்போது வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், கம்பெனி 17 இன்ச் அலாய் கோணாமல் விரிசல் இல்லாமல் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு, வீலுக்கு ஒதுக்கிய பணத்தை ஐந்து நல்ல டயரில் போடுங்கள். 20 இன்ச் அலாயில் ஏ/டி டயர் போடுவது வேட்டியைக் கட்டிக்கொண்டு நீச்சல் அடிப்பது மாதிரி. கல்லும் குழியும் உள்ள பாதையில் ரிம்மைக் காப்பது டயரின் சுவர். அந்தச் சுவரைத்தான் பெரிய ரிம் தின்றுவிடுகிறது.

பழைய அலாய் செட் வாங்குகிறவர்கள் வெளிப்பக்கம் பளபளப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். திருப்பிப் போட்டு உள் உருளையைப் பாருங்கள். பெயின்ட் நிறம் ஓரிடத்தில் மட்டும் மாறியிருந்தால் அடியில் வெல்டிங் இருக்கலாம். டயர் இல்லாத வீலைப் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு, விளிம்புக்கு அருகில் ஸ்க்ரூடிரைவரை அசையாமல் பிடியுங்கள். சந்து கூடிக் குறைந்தால் ரிம் பெண்டு. பின்புறம் ஜேடபிள்யூஎல் (ஜப்பானிய அலாய் வீல் தரம்) முத்திரையும் தாங்கும் எடையும் வார்க்கப்பட்டிருக்கும். முழுப் பாரத்தோடு வண்டி இரண்டரை டன்னைத் தொடும். ஒரு வீல் 900 கிலோவாவது தாங்க வேண்டும். 690 என்று போட்டிருந்தால் அது சின்னக் காருக்கானது.

டயர் அளவில் பேராசை வேண்டாம். 265/65 ஆர்17 டயரின் விட்டம் 776 மி.மீ. ஒரு படி ஏறி 265/70 போட்டால் 803. வண்டி 13 மி.மீ. உயரும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 103 ஓடும். ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டுவதால் மைலேஜ் விழுந்தது போலத் தெரியும். லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்) இல்லாத வண்டிக்கு இதுதான் எல்லை. அப்போதும் ஒரு வீலை மாட்டி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ரிவர்ஸிலும் எடுத்து, பின்புற மட்ஃபிளாப்பில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். 285/70 விட்டத்தில் 7 சதவீதம் கூடுதல். லிஃப்ட் இல்லாமல் உரசும், பிக்கப் விழும், பிரேக் பிடிக்கத் தூரம் கூடும். கம்பெனி அளவைத் தாண்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் மாற்றமாகப் பார்க்கப்படலாம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் அளவிலிருந்து மாற்றக் கூடாது என்றது. விபத்து க்ளெய்மில் இன்ஷூரன்ஸ்காரர் இதைப் பிடித்துக்கொண்டால் வாதாடுவது கஷ்டம்.

அளவுக்கு முன்னால் எல்டி (லைட் டிரக்) என்ற எழுத்து இருக்கிறதா என்றும் கவனியுங்கள். கம்பெனி டயர் 112 எஸ்: ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், மணிக்கு 180 கி.மீ. வரை. எல்டி டயரில் 121/118 என்று இருக்கலாம். 121 என்றால் 1450 கிலோ. சுவர் தடிமன், கல்லுக்கு அஞ்சாது. ஆனால் டயருக்கு நான்கைந்து கிலோ கூடும், காற்றும் கூட வேண்டும், தார் ரோட்டில் மரக்கட்டை மாதிரி இருக்கும். வாரநாளெல்லாம் ஆபீஸ், மாதம் ஒருமுறை வால்பாறை என்பவருக்கு எல்டி தேவையில்லை. யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ/டி, அப்போலோ ஆப்டெரா ஏடி2 போன்ற சாதா அளவு ஏ/டி போதும். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு வெளிநாட்டு டயர்களில் பழைய ஸ்டாக்கைக் கண்ணில் காட்டாமல் தள்ளுவதும் நடக்கிறது. சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள்: 2322 என்றால் 2022-இன் 23-ஆவது வாரம். ஒரு வருடத்துக்கு மேல் பழசு என்றால் விலை பேசுங்கள், மூன்று வருடம் என்றால் வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். மலையும் பனிப்படிகமும் போட்ட சின்னத்துக்காகக் கூடுதல் பணம் கேட்டால், ஊட்டியில் உறைபனிதான் விழும், பனிமழை பெய்யாது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஏ/டி போட்டால் மழையில் பிடிப்பு கூடும் என்பது பாதி உண்மை. சேற்றிலும் ஈரமண்ணிலும் கூடும். நனைந்த தார் ரோட்டில், அதுவும் நான்குவழிச் சாலை வேகத்தில், நல்ல ஹைவே டயர்தான் சீக்கிரம் நிறுத்தும். பட்டனுக்குப் பட்டன் இடைவெளி கூட இருப்பதால் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு. சீமைக்கருவேல முள்ளுக்கும் ஏ/டி முழுக் கவசம் இல்லை. ராமநாதபுரம் பக்கம் கண்மாய்க் கரையில் ஓட்டினால் முள் பட்டன் இடுக்கில் ஏறி முனை முறிந்து உள்ளேயே தங்கும், காற்று நாள்கணக்கில் கசியும். சோப்புத் தண்ணீர் தெளித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முள் சுவரில் ஏறினால் பஞ்சர் ஒட்டுவதற்கு இடமில்லை, டயரையே மாற்ற வேண்டும். தேரிக்காட்டுச் செம்மணலில் காற்றை 18-20 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடலாம். தார் ரோடு ஏறும் முன் திரும்ப ஏற்ற வேண்டும் என்பதால் கம்ப்ரஸர் டிக்கியில் இருக்கட்டும்.

4×4 வண்டிக்கு இரண்டு டயர் மட்டும் மாற்றுவது கூடவே கூடாது. இந்தத் தலைமுறை 4×4-இல் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும். புது ஏ/டியில் 10 மி.மீ. பட்டன், பழையதில் 3 மி.மீ. என்றால் விட்டத்தில் 14 மி.மீ. வித்தியாசம். நேர் ரோட்டில்கூட நடு டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர்) ஓய்வில்லாமல் சுழலும். ஸ்டெப்னிக்கும் அதே அளவு, அதே பேட்டர்ன் வாங்கி, 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் சுழற்றினால் ஸ்டெப்னி அடியில் தொங்கியே வயதாகாது.

மாட்டும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். ஹப் முகத்துத் துருவைக் கம்பி பிரஷால் தேய்க்கச் சொல்லுங்கள். வால்வு புதிது. ஏர் கன்னால் கடைசிவரை அடிக்க விடாதீர்கள்; ஸ்டட் நீளும், அடுத்த பஞ்சருக்கு நட் கழலாது. நட்சத்திர வரிசையில் கையால் முறுக்கி, டார்க் ரெஞ்சில் 105 நியூட்டன் மீட்டர், வெளிச்சந்தை வீல் என்றால் அதன் தயாரிப்பாளர் சொன்ன அளவு. 50-100 கி.மீ. ஓட்டியபின் மறுபடி. அலைன்மென்டில் டோ மட்டும் வைத்து அனுப்பிவிடுவார்கள். இந்த வண்டியின் கேம்பரும் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) லோயர் ஆர்ம் கேம் போல்ட்டில் வைப்பது. பழைய வண்டியில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும், தொட மனமிருக்காது. அலைன்மென்ட் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த பிரின்ட் அவுட்டைக் கேளுங்கள். கேம்பர் எண் இரண்டிலும் ஒன்றாகவே இருந்து சிவப்பில் இருந்தால், போல்ட்டைத் தொடவே இல்லை.

காற்றுக்குக் கம்பெனி அளவு டயர் என்றால் கதவோர ஸ்டிக்கர் போதும். எல்டி டயருக்கு அது ஆகாது. சாக்பீஸால் டயரின் குறுக்கே அகலமாக ஒரு கோடு போட்டு, சமதள ரோட்டில் நூறு மீட்டர் நேராக ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. இரண்டிரண்டு பிஎஸ்ஐயாக மாற்றி, கோடு சீராக அழியும் எண்ணை டீசல் டாங்க் மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, ஏழு பேரும் சாமானும் ஏறும் நாளுக்குப் பின்னுக்கு இன்னொன்று.